சக்களத்திக்கு இரண்டு இஞ்சு

1

இந்தக் கதை ஒரு வரிசையில் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. குடிநீர் இணைப்பில் பெயர் மாற்ற நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். கைப்பேசி செத்துப்போயிருந்தது. கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால் அறிவிப்புப் பலகையில் இருந்ததையெல்லாம் படித்தேன். ஆபத்தான விலங்குகளையும் அயல்நாட்டு விலங்குகளையும் தனியார் வீடுகளில் வளர்ப்பது பற்றிய புதிய விதிகள் நான்கு பக்கத்துக்கு ஒட்டியிருந்தன. சிறுத்தை, கரடி, முதலை, குரங்கு, எல்லாவற்றுக்கும் முழுத் தடை. விஷமில்லாத பாம்புக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தார்கள். எட்டடிக்குள் இருந்தால் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எட்டடியைத் தாண்டினால் விலங்குக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். நீளத்தை வளர்ப்பவரே அளந்து படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வளர்ப்பவரே அளந்து! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, அரையடி தள்ளி நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில் என் தையல்காரம்மாவின் கடை வந்தது. அந்தம்மா யாரை அளந்தாலும் நோட்டில் இரண்டு இஞ்சு கூட்டித்தான் எழுதுவார். "உடம்பு இப்படியேவா இருக்கப்போகுது?" என்பார். கேட்கும்போது சுருக்கென்று இருக்கும். அடுத்த வருடம் பிரித்துவிட உள்ளே துணி இருக்கும்போது கும்பிடத் தோன்றும். பலகையில் படித்த பாம்பையும் இந்தம்மாவையும் ஒரே வீட்டில் குடிவைத்தேன். நிஜத்தில் அவர் வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. அவர் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும். படித்தால் என் துணியெல்லாம் அதோகதிதான்.

2

தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாருங்கள்:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மலைப்பாம்பு…" [வேண்டாம். எதை எழுத உட்கார்ந்தாலும் எனக்கு மழை வந்துவிடுகிறது.]

"சட்டம் என்பது மனிதன் தன் அச்சத்தைச் சுற்றி எழுப்பிய…" [இது யார் பேசுவது? இறங்கு மேடையைவிட்டு.]

"தையல்காரிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நீளம் எட்டடிக்கு ஒரு இஞ்சு குறைவு." [இருக்கட்டும்.]

3

தையல்காரிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நீளம் எட்டடிக்கு ஒரு இஞ்சு குறைவு.

தையல்காரியின் கணவர் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, பின்னிருக்கையில் ஒரு செருப்புப் பெட்டி கிடந்தது. மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே சுண்டுவிரல் கனத்தில் ஒரு மலைப்பாம்புக் குட்டி. பணிமனையில் தொலைந்த பொருட்களை வாங்கிவைப்பவர், "குடை கொடு, பை கொடு, பல்செட்டுகூடக் கொடு. இதை மட்டும் கொடுக்காதே" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். ஒரு மாதம் பார்த்தார்கள். தேடி யாரும் வரவில்லை. ஓட்டுநர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து 'பயணி' என்று பெயர் வைத்தார்.

தையல்காரி வைத்த முதல் பெயர் 'சனியன்'. வைக்காமல் என்ன செய்வாள்? ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அன்றிலிருந்து உறைந்த எலிகளுக்கு என்று ஆகிவிட்டது. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் ஐஸ்கிரீம் கிடையாது. அளவு கொடுக்க வரும் பெண்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கண்ணாடிப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்றுதான்.

'சக்களத்தி' என்ற பெயர் மூன்று வருடங்களுக்கு முன்புதான் வந்தது. அந்த வருடம் ஓட்டுநரின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மருத்துவர் நோய்க்கு ஒரு பெயரும் மூன்று வேளை மாத்திரையும் கொடுத்தார். பேருந்து போயிற்று. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. தையல்காரி அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்து, பொத்தானைப் பிரித்துவிட்டு ஒட்டும் பட்டி வைத்துத் தைத்தாள். அப்படியே பொத்தான் மாதிரி மேலே ஒன்றையும் தைத்துவைத்தாள், வெளியே தெரியக் கூடாதென்று.

மத்தியானத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பயணியை எடுத்துவிடுவார். அது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுற்றிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் கை அடங்கிவிடும். பேருந்து ஓட்டிய காலத்துக் கைபோல அப்படியே கிடக்கும்.*

அவளும் பிடித்துப் பார்த்திருக்கிறாள், இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் பிடித்தால் நடுக்கம் அவள் கைக்கும் வரும், நிற்காது. இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அடங்காதது செருப்புப் பெட்டியில் வந்ததற்கு அடங்குகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மிஷினை வேகமாக மிதித்தாள். "போங்க, உங்க சக்களத்திகிட்டயே போங்க" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

* என் தோழி கால்நடை மருத்துவர். இந்த இடத்தைப் படித்துவிட்டு, "இது வைத்தியமெல்லாம் இல்லடி, அஞ்சாறு கிலோ கனம், அவ்வளவுதான். மணல் மூட்டை வெச்சாலும் கொஞ்சம் நிக்கும்" என்றாள். இவளிடம் கதையைக் காட்டியது என் தப்பு. ஆனால் அந்த மணல் மூட்டையை மட்டும் கதைக்கு வாங்கி வைத்துக்கொண்டேன்.

4

விதி வந்தது. அதைக் கெட்ட விதி என்று எழுதத்தான் முதலில் ஆசைப்பட்டேன். எழுத வரவில்லை. அந்த ஊரில் ஒருவர் மொட்டைமாடியில் சிறுத்தைக் குட்டி வளர்த்திருக்கிறார். அது குட்டியாகவே இருந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதுகில் நாற்பது தையல். அதற்குப் பிறகு விதி போடாமல் என்ன செய்வார்கள்? தையல்காரியின் கீழ்வீட்டிலும் ஒரு கைக்குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறது. அதற்குக் கவுன் தைத்தவளே இவள்தான்.

ஓட்டுநரின் கையால் எழுத முடியாது. படிவத்தை அவள் நிரப்பினாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அவர் பாம்பின் தலையைப் பிடித்துக்கொள்ள, இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே முதுகுவழியாக அளந்தாள். ஏழடி பதினொரு இஞ்சு. தப்பித்தது.

உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். நீளம் என்ற கட்டத்தில் எட்டடி ஒரு இஞ்சு என்று எழுதினாள்.

அஞ்சலில் பதில் வந்தபோதுதான் தெரிந்தது. 'அனுமதிக்கப்பட்ட நீளத்தைவிட அதிகம் என்பதால் ஒப்படைக்க வேண்டும்.' அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலுவலகத்துக்கு ஓடினாள்.

"வளர்ற உடம்பு சார், ரெண்டு இஞ்சு விட்டு எழுதிட்டேன்" என்றாள் ஆய்வாளரிடம். விலங்கு உரிமப் பிரிவில் இருந்தது அந்த ஒருவர்தான்.

"என்னம்மா சொல்றீங்க? இதென்ன சட்டையா?"

"முப்பது வருஷக் கை சார். அது பாட்டுக்கு எழுதிடுச்சு."

அவர் மறு அளவுக்கு மனு எழுதி வாங்கிக்கொண்டார். முப்பது நாளில் வருவதாகச் சொன்னார்.

[இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. கையா எழுதியது? ஒன்பது வருட எலி, மூன்று வருட வயிற்றெரிச்சல். விரட்ட ஒரு நல்ல வழி கிடைத்தபோது, கைப்பழக்கம் என்று சொல்லிக்கொண்டு மனம் எழுதியிருந்தால்? அவளையே கேட்டுவிடலாம் என்று அடுத்த பகுதியை எழுதினேன்.]

5

"ஒண்ணு சொல்லணும்ங்க."

"சொல்லு."

"அந்த ரெண்டு இஞ்சு… கையா எழுதுச்சா, நானா எழுதினேனான்னு எனக்கே தெரியலை."

ஓட்டுநர் நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அவள் பார்க்கும்போது அப்படித்தான் வைப்பார்.

"நீ எழுதுறப்பவே பார்த்தேன்" என்றார்.

"பார்த்தீங்களா? அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒம்பது வருஷம் பொறுத்துட்டே. போதும்னு முடிவு பண்ணிட்டேபோலன்னு நினைச்சேன். எப்படிம்மா கேக்குறது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் வந்த கோபமா, தன்மேல் வந்ததா என்று தெரியவில்லை, சேர்ந்துதான் வந்தது. "கேட்டிருக்கணும். வாய் எதுக்கு இருக்கு?" என்று சண்டைபோட்டாள்.

மறுநாள் கனமான துணியில் ஒரு நீளப் பை தைத்தாள். மணலைச் சலித்து, வறுத்து, ஆறவைத்து நிரப்பினாள். ஏழடி பதினொரு இஞ்சு. அந்தப் பைக்கு மட்டும் ஒரு இஞ்சுகூட விடவில்லை. அவர் கையில் சுற்றிவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கு. கனம் அப்படியே இருக்கு" என்றார் அவர். கை மெல்ல ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"பொய் சொல்லாதீங்க."

"நல்லாத்தான் தைச்சிருக்கே… மூச்சு விட மாட்டேங்குதே, அதான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தப் பையை அவர் எடுக்கவே இல்லை. சாயங்காலம்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

6

முடிவுகள். இரண்டு எழுதினேன், இரண்டும் போயிற்று.

ஒன்று: ஆய்வாளர் வருகிறார். அளக்கிறார். ஏழடி பதினொன்று. எல்லாரும் சிரிக்கிறார்கள், காபி குடிக்கிறார்கள். தோழி படித்துவிட்டு, "முப்பது நாள்னா நாலு மாசம் கழிச்சு வருவாங்க. அதுவரைக்கும் வளராம இருக்க அது என்ன நாற்காலியா?" என்றாள். சரிதான்.

இரண்டு: பாம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வெறும் நாற்காலி. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். நடுக்கம் மெல்ல மெல்ல…

[இதை அழுதுகொண்டேதான் எழுதினேன். பிறகு வெட்கமாகிவிட்டது. கதை வரிசையில் பிறந்தது என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பாதிதான். என் அப்பாவுக்கு இந்த நடுக்கம் ஆறு வருடம் இருந்தது. நானும் பிடித்துப் பார்த்தவள். நின்றதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நிமிடம் நின்றிருந்தால்கூட இந்த முடிவை எழுதத் துணிந்திருப்பேன்.]

7

ஆகவே, நாலாவது மாதம். காலை பதினொரு மணி. வாசலில் ஆய்வாளர்.

இரும்பு டேப் கொண்டுவந்திருந்தார். கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க சார்."

"இல்லம்மா, இங்கயே காத்து நல்லா வருது" என்றார். பிறகு உண்மையைச் சொன்னார். "நான் நாய்க்கு உரிமம் குடுத்துட்டிருந்தவன்மா. பாம்புக்குன்னு இன்னும் ஆள் போடலை."

"இந்த டேப் வளையாது சார். முதுகு வளைஞ்சு வளைஞ்சு போகும்."

"உங்க டேப்லயே அளந்துடுங்க. நீங்க சொல்ற நம்பரை எழுதிக்கிறேன். இதுதான் கடைசி. இதுக்கு மேல மனு கிடையாது. கூடிடுச்சுன்னா சாயங்காலமே வண்டி வந்துடும், நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஓட்டுநர் தரையில் உட்கார்ந்து பயணியின் தலையைப் பிடித்துக்கொண்டார். வால் பக்கம் அவர் முழங்காலில் சுற்றப் பார்த்தது. தையல்காரி மண்டியிட்டாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தாள், அதன் தோலில் இருந்த பழுப்பும் மஞ்சளும் எவ்வளவு ஒழுங்காகக் கோத்திருந்தன என்று. இப்படி ஒரு துணி கிடைத்தால் வெட்ட மனம் வராது.

மூக்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். வால் நுனி.

எட்டடி அரை இஞ்சு.

மறுபடியும் அளந்தாள். எட்டடி அரை இஞ்சு. பாம்பு மூச்சு விட்டது. அவள் பொறுத்திருந்து மூன்றாம் முறை அளந்தாள். அதேதான். அன்றைக்கு அவள் தப்பாக எழுதியதை நோக்கி இது நாலு மாதமாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அரை இஞ்சு. ஒரு விளிம்பு மடிக்கக்கூடக் காணாது. முப்பது வருடத்தில் யாருக்கும் அவள் குறைத்து எழுதியதில்லை. குறைத்து வெட்டிய துணியை என்ன செய்தாலும் மீட்க முடியாது. கீழே குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா அதட்டுவது கேட்டது.

அவள் நிமிர்ந்து கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். துளி ஆட்டம் இல்லை.

"எவ்வளவும்மா?" என்றார் ஆய்வாளர், பேனாவைத் திறந்துகொண்டே.

"சொல்லு" என்றார் ஓட்டுநர். "எதுவானாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

8

நான் இங்கே எழுந்துவிடுகிறேன். தப்பித்து ஓடுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், ஓடத்தான் செய்கிறேன். கட்டம் காலியாக இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள். உள்ளதை எழுதினால் சாயங்காலம் வண்டி வரும். அரை இஞ்சைக் குறைத்து எழுதினால் கீழ்வீட்டுக் குழந்தை சத்தம் போடாமல் இருக்கும் நேரமெல்லாம் அவள் மிஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பெட்டியின் பூட்டைப் பார்ப்பாள், ஆயுள் முழுக்க. இரண்டில் எது நல்லது என்று தெரிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

நாளைக் காலையை மட்டும் நானே எழுதிவிட்டுப் போகிறேன். அதை மாற்றாதீர்கள். நீங்கள் எந்த எண்ணை எழுதியிருந்தாலும் சரி, விடிந்ததும் அவள் காபியை ஆற்றிக்கொண்டு வந்து அவர் வாயருகே பிடிப்பாள். அவர் கை நடுங்கிக்கொண்டே வந்து அவள் கைமேல் உட்காரும். நடுக்கம் நிற்காது. காபி கொஞ்சம் சிந்தும். அவள் கையை எடுக்க மாட்டாள்.