ஒரே ஒரு வெடி

இப்போதெல்லாம் யாரும் காதை நம்புவதில்லை. முத்திரை குத்திய தாள் ஒன்றை நீட்டினால் போதும், முழுதாகப் படிக்காமலே தலையாட்டிவிடுகிறார்கள். ரஷ்யாவின் வடகோடியில், பொலியார்னி துறைமுகத்தில் கூடி நின்றவர்களைப் பார்க்கப் பார்க்க யெஃபீம் லூக்கிச்சுக்கு எரிச்சலாக இருந்தது. மார்பு நிறையப் பதக்கம் மாட்டியிருந்தவர்களில் பாதிப்பேர் போர் முழுக்கக் கரையில் ரொட்டி வெட்டியவர்கள்.

எதிரே நீனா நின்றாள். நீர்மூழ்கிக் கமாண்டர் பொதாபொவின் மகள். அவளுக்கே அறுபது நெருங்கிவிட்டது. கையில் ஜெர்மன்காரர்களின் கப்பல் பதிவேட்டு நகல்.

"அந்த ரெண்டாவது கப்பலும் மூழ்கிடுச்சுங்க, யெஃபீம் லூக்கிச். அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அப்பாவுக்குச் சேர வேண்டிய வெடியை இன்னைக்கு வெடிக்கப் போறோம். சுடச் சொல்லி நீங்கதான் கையைக் காட்டணும். அந்தப் படகு ஆளுங்கள்ல மிச்சம் நீங்க ஒருத்தர்தானே."

"மூழ்கலை. ஓடிச்சு. நான் கேட்டேன்," என்றார் யெஃபீம்.

நாற்பத்து மூன்று அக்டோபரில் கேட்டது அது. நார்வே கரையோரம், நட்டநடுப் பகல். நீர்மூழ்கியில் கண் உள்ளவர் கமாண்டர் ஒருவர்தான், பெரிஸ்கோப் அவருடையது. காது உள்ளவன் யெஃபீம், தண்ணீருக்கடியில் ஒட்டுக்கேட்கும் ஹெட்போன் அவனுடையது. மற்ற நாற்பது பேரும் இந்த இரண்டு பேரை நம்பிக் குருடர்களாகவும் செவிடர்களாகவும் இருந்தார்கள். வெள்ளைக் கடல் மீனவன் மகனான யெஃபீம் மூன்று வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எந்தக் கப்பல் எந்தச் சத்தம் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் கப்பல் இரண்டாகப் பிளந்ததைக் கமாண்டர் கண்ணால் பார்த்தார். இரண்டாவதற்கு டார்பிடோ போனது. அதற்குள் காவல் கப்பல் நேராகப் பாய்ந்து வர, படகு ஆழத்துக்கு இறங்கியது. இறங்கும்போதே ஒரு வெடிச்சத்தம். எல்லோருக்கும் கேட்டது.

அப்புறம் மேலிருந்து குண்டுகள் விழ ஆரம்பித்தன. விளக்குகள் நொறுங்கின. ஹெட்போனைக் கழற்றுவதற்குள் ஒரு குண்டு பக்கத்தில் வெடித்து யெஃபீமின் வலது செவிப்பறை கிழிந்தது. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது.

"மோட்டாரை நிறுத்துங்க," என்றார் கமாண்டர்.

மோட்டார் நின்றதும் படகு தானாக அமிழத் தொடங்கியது. எழுபது மீட்டர். எண்பது. இரும்புச் சுவர் முனகியது. யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"யெஃபீம், ரெண்டாவதைப் பிடி. என்னடா கேக்குது?"

இடது காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டான். தண்ணீரைத் தள்ளும் காவல் கப்பலின் விசிறி வேகமாக ஒரு பக்கம். அதற்கும் அப்பால், மெதுவாக, மூன்று சுற்றுக்கு ஒரு தரம் தடுமாறும் கனத்த விசிறி. தாக்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அவன் பின்தொடர்ந்த அதே நொண்டி.

"ஓடுது, தோழர் கமாண்டர். தெற்கே போகுது."

தொண்ணூற்றிரண்டாவது மீட்டரில் மறுபடி மோட்டாரைப் போட்டார்கள்.

நான்காம் நாள் காலை பொலியார்னி வளைகுடாவுக்குள் நுழைந்தபோது படகின் பீரங்கி அருகே இரண்டு வெற்று வெடிகள் தயாராக இருந்தன. மூழ்கடித்த கப்பல் ஒன்றுக்கு ஒரு வெடி. அதை எண்ணித்தான் கரையில் சமையல்காரர் அத்தனை பன்றிக்குட்டிகளை அடுப்பில் ஏற்றுவார்.

"ரெண்டு சுடுங்க," என்றார் கட்சி சார்பில் படகிலிருந்த அரசியல் அதிகாரி செலெஸ்னின். "உங்க கணக்குல ஏற்கனவே எட்டு இருக்கு. இதோட பத்து. தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்க மாஸ்கோவுக்கே கூப்பிடுவாங்க. வீட்டுக்காரம்மாவையும் பாத்துட்டு வரலாம். வெடிச்சதை எல்லாரும்தானே கேட்டோம்."

"இவன் ஓடிச்சுங்கறானே," என்றார் கமாண்டர்.

"ரத்தம் ஒழுகுற காதா சாட்சி? இவன் காதைப் பன்றிக்குட்டிக்கு வச்சாக்கூட அது வேண்டாங்கும்."

பீரங்கிக்காரர்கள் சிரித்தார்கள். கமாண்டர் சிரிக்கவில்லை. மார்பில் இரண்டு செங்கொடிப் பதக்கங்கள் இருந்த அந்த மனிதர் யெஃபீமின் பக்கமாகக் குனிந்தார்.

"கடைசியாக் கேக்கறேன். சந்தேகம் இருந்தாச் சொல்லு, பரவாயில்லை."

ஒரு சொல் போதும். 'தெரியலை' என்றால் இரண்டு வெடி. படகிலிருந்த அத்தனை கண்களும் அந்தச் சொல்லைத்தான் கேட்டன.

"ஓடிச்சு, தோழர் கமாண்டர்."

ஒரு வெடி வெடித்தது. அன்றைக்கு மேஜைக்கு ஒரே பன்றிக்குட்டிதான் வந்தது. கமாண்டர் அதன் காதை அறுத்து யெஃபீமின் தட்டில் வைத்தார். மற்ற யாரும் அவனோடு பேசவில்லை.

யெஃபீமை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மாஸ்கோவிலிருந்து அழைப்பு வராததால் கமாண்டர் மறுபடி கடலுக்குப் போனார். அந்தப் படகு திரும்பவில்லை.

"நீங்க அன்னைக்கு 'தெரியலை'ன்னு சொல்லியிருந்தா அப்பா மாஸ்கோ போயிருப்பாரு," என்றாள் நீனா. குரலை உயர்த்தவில்லை.

"போயிருப்பாரு."

"அதுக்காக உங்களைக் குத்தம் சொல்ல வரலை. நேரத்தைப் பாருங்க. அது மூழ்கினது சாயங்காலம் நாலு மணிக்கு. அடிபட்டு, நாலு மணி நேரம் ஓடி, அப்புறம் மூழ்கியிருக்கு. நீங்க கேட்டதும் நெசம், இதுவும் நெசம். போதாதா?"

வேறு யாராக இருந்தாலும் அது போதும் என்றிருப்பார்கள். யெஃபீம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

"நாலு மணி நேரத்துல பாறையில மோதியிருக்கலாம். அவங்க கண்ணிவெடியிலயே மாட்டியிருக்கலாம். இதை எழுதினவன் தண்ணிக்குள்ள இருந்தானாம்மா?"

"அப்போ கையைக் காட்ட மாட்டீங்களா?"

"உங்கப்பா ஒண்ணுதான் சுட்டாரு. என்னைக் கேட்டுத்தான் சுட்டாரு."

தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு படிகளில் ஏறினார். பாதி வழியில் பின்னால் பீரங்கி வெடித்தது. வேறு யாரோ கையைக் காட்டியிருக்கிறார்கள். கூட்டம் தட்டிய கைதட்டல் இடது காதில் லேசாக விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருந்தார்.

"ஓடிச்சு," என்று படிகளிடம் சொன்னார்.