மேலிறகு காயும் நேரம்

மூன்றரை மணிக்குக் கீழே பட்டறையில் ரம்ப மிஷின் நின்றது. மாடி அறையில் அவள் மூச்சு விட்டாள். மிஷின் ஓடும்போதெல்லாம் தரை அதிரும். அதற்காகவே பிளாஸ்டிக் பெட்டிக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டிருந்தாள்.

பெட்டி நிறைய மக்கிய இலை. ஓரத்தில் ஒரு மண்கூடு, புழு தானே மெழுகிக் கட்டியது. கண்ணாடி போலத் தெரியும் பெட்டிச் சுவரை ஒட்டிக் கட்டியதில், உள்ளே பார்க்க அவளுக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். மத்தியானம்தான் கூட்டுக்குள்ளேயே தோல் வெடித்துக் காண்டாமிருக வண்டு வெளியே வந்திருந்தது. தலை கறுப்பு, கொம்பு கறுப்பு. மேலிறகு மட்டும் பால் வெள்ளை. அது சிவந்து, பிறகு கறுத்து, ஓடாக இறுக வேண்டும். அதுவரை பெட்டியை அசைக்கக் கூடாது. கூடு இடிந்தால் இறகு கோணலாகக் காய்ந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் பறக்க முடியாது.

மாமியார் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னாள். "மத்த வீட்டு மருமக பூனை வளர்ப்பா, கிளி வளர்ப்பா. நமக்கு வாய்ச்சது புழு வளர்க்குது. கீழ வா வண்டுராணி, மாமா கூப்பிடுறாரு."

"என்ன விஷயம் அத்தை?"

"தையல்காரம்மா அலமாரியில தூள் கொட்டுதாம்."

அவள் டார்ச்சை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

பட்டறை நடுவில் தையல்காரம்மாவுக்காகச் செய்த புது அலமாரி நின்றது. கீழ்த்தட்டில் மாவு போலத் தூள். பலகையில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டைகள். காலையில் பார்க்க வந்த தையல்காரம்மா அந்தத் தூளை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். மாமனார் தடுமாறி, "மருமக வண்டு வளர்க்குறா, அது தப்பிச்சு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார். வண்டைப் பார்க்க அந்தம்மா நாலு மணிக்குத் திரும்பி வருகிறாளாம்.

மருமகள் மண்டியிட்டுத் தட்டைத் துழாவினாள். சீரகம் அளவில் ஒரு வண்டு கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். செம்பழுப்பு உடம்பு. முதுகில் வரிசை பிசகாத புள்ளிகள். மீசை நுனியில் குட்டிக் குண்டு. ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது.

"என்ன நேர்த்தி!" என்றாள்.

பாலிஷ் துணியோடு நின்ற கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம பொழப்புல மண்ணை அள்ளிப் போடுது. இவளுக்கு நேர்த்தியாம்."

"மாமா, இது என் வண்டு இல்லை. என்னோடது மக்கினதைத்தான் தின்னும், காஞ்ச பலகைய அதால கடிக்க முடியாது. இது மரத்தோடயே வந்தது. இது முட்டையா இருந்தப்ப இந்த அலமாரியே கிடையாது."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் மாமனார், மெதுவாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே லோடு மரத்துல செஞ்ச ரெண்டு கட்டிலும் வித்துப் போயிருக்கு" என்றான் கணவன்.

"நீ சும்மா இருடா." மாமனார் அவள் பக்கம் திரும்பினார். "நம்ம கடை மரம் உளுத்த மரம்னு ஒரு சொல் வெளிய போனா, அப்புறம் எவன் படி ஏறுவான்? உன் வண்டுன்னு சொன்னா நாலு நாள் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"அந்தம்மா வீட்டுல இருக்கிற மரத்துக்கெல்லாம் பரவுமே மாமா."

"ஓட்டையை மெழுகு வச்சு அடைச்சுக் குடுக்குறேன்."

"உள்ள இருக்கிற புழுவை மெழுகு என்ன பண்ணும்?"

மாமனார் மாடியைக் கை காட்டினார். "ஒத்துக்கிட்டா உன் பெட்டி இருந்த இடத்துலயே இருக்கும். மாட்டேன்னா இப்பவே நானே தூக்கித் தெருவுல வச்சிடுவேன்."

"இன்னைக்கு மட்டும் அசைக்கக் கூடாது மாமா. இறகு இன்னும் காயலை."

"அப்போ இன்னைக்கு ஒத்துக்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இங்கே பழி விழப்போவது இறகுகூடக் காயாத ஒன்றின் மேல். கணவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பாலிஷ் போட்ட கதவையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். மூச்சு வாங்க மாடி ஏறினாள். பின்னாலேயே மாமனார். படியில் அவர் காலடி விழ விழ மருமகளுக்குப் பெட்டி மேலேயே கண் போனது.

"புழு பூச்சின்னாலே எனக்கு ஆகாது. எட்ட நின்னே பார்க்குறேன்" என்றாள் அந்தம்மா. டார்ச் வெளிச்சம் கூட்டில் பட்டதும் கிட்டே வந்து குனிந்தாள். "அட! சாயம் ஏறாத துணி மாதிரி இருக்கே."

"விடியறதுக்குள்ள ஏறிடும். முதல்ல சிவப்பு, அப்புறம் கறுப்பு."

"தானாவா?"

"தானாத்தான்." அவள் குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, உடனே அடங்கியது.

தையல்காரம்மா தன் கட்டைவிரலை ஜன்னலுக்கு நேராக நீட்டி அளவு பார்த்தாள். வண்டு அதைவிடப் பருமன். அந்தம்மாவின் நெற்றி சுருங்கியது. "என் அலமாரியில இருக்கிறது ஊசி ஓட்டையாச்சே."

"குஞ்சா இருக்கும்போது நுழைஞ்சிருக்கும்மா" என்றார் மாமனார். சொல்லிக்கொண்டே பெட்டியின் விளிம்பில் கை வைத்தார். கூட்டின் ஓரத்திலிருந்து துளி மண் உதிர்ந்தது. வெள்ளை இறகு ஒருமுறை நடுங்கியது.

தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"உங்க மாமா சொல்றது இருக்கட்டும். வளர்க்கிறவ நீ. நீ சொல்லும்மா, அந்த அலமாரியை என் வீட்டுக்குள்ள ஏத்தலாமா?"