நடுவிலிருந்து தொடங்கிய அகராதி

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அந்த அகராதியை 'எம்' என்ற எழுத்தில்தான் தொடங்கினார்கள். சிரிக்க வேண்டாம். அச்சகத்தின் பழைய முதலாளி சொன்ன காரணம் நியாயமானது. அகராதி வாங்க வருகிறவன் கடையில் நின்றபடி முதல் பக்கங்களைத்தான் புரட்டுவான். அங்கே ஒரு கோணல் கண்ணில் பட்டால் போச்சு, கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவான். ஆகையால் கை பழகாத காலத்து வேலையை நடுவில் ஒளித்து வைத்துவிட வேண்டும். 'எம்'மிலிருந்து 'இசட்' வரை போய், அப்புறம் 'எல்'லிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்து, கை நன்றாகப் பழுத்த பிறகு 'ஏ', 'பி', 'சி'யைத் தொட வேண்டும்.

அச்சகத்து மாடியில், இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை நடுங்கும் அறையில், ஆசிரியர் இளைஞராக வந்து உட்கார்ந்தார். யார் எதைச் சொன்னாலும் "என்ன பொருள்ல சொல்றீங்க?" என்று கேட்பார். அதனால் பொருளார் என்று பெயர் வந்தது. 'எக்ஸ்' எழுத்தை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு, அலுப்புத் தீர எல்லோரும் ஒரு வாரம் லீவு எடுத்தார்கள். 'எஸ்' லேசில் விடவில்லை. அதைத் தொட்டபோது பொருளாருக்கு வாய் நிறையப் பல் இருந்தது. முடித்தபோது 'எஸ்' என்றாலே காற்றுதான் வந்தது. நூற்றுக்கணக்கில் பொருள் உள்ள 'செட்' என்ற குட்டிச் சொல்லுக்குள் நுழைந்த உதவியாசிரியர் ஒருவர் திரும்பி வரவேயில்லை. வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றார்கள். பொருளார் நம்பவில்லை.

அவர் மனைவி கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"போலாம்மா. இப்பதான் 'எம்'ல இருக்கோம். முதல் எழுத்து வரட்டும், முடிச்சுட்டுப் போய்ப் பத்து நாள் தங்கிட்டு வருவோம்."

"கடல் அதுவரைக்கும் இருக்குமா?" என்றாள்.

கடல் இருந்தது. அவள் கண்தான் போகத் தொடங்கியது. ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்துகொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மருந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அவள் தட்டைத் தடவி எடுத்தாள்.

"நடுவுல மட்டும் தெரியுதுங்க. உங்க அகராதி மாதிரியே."

அந்தச் சமயம் பார்த்துப் பழைய முதலாளி கண்ணை மூடினார். அவருடைய மருமகன் மாடியேறி வந்தார். நல்ல மனிதர்தான், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, முதல் பாகத்தை மட்டும் போட்டுப் பார்ப்போம். வித்துச்சுன்னா மத்தது. 'ஏ', 'பி', 'சி' எடுத்துக் குடுங்க."

"அது மட்டுந்தான் தம்பி இல்ல."

மருமகன் மேசைமேலிருந்த 'எம்' கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, வருஷக் கடைசிவரை அவகாசம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் மிச்சமிருந்தது பொருளாரும், மெய்ப்புப் பார்க்கும் காற்புள்ளியும் மட்டுமே. பேச்சின் நடுவே நின்று நின்று மூச்சு வாங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். இருவரும் 'ஏ' எழுத்தை ஓட்டமும் நடையுமாக முடித்தார்கள். 'பி'யிலும் நன்றாகத்தான் போனது. 'பிகின்' என்ற சொல் வந்தது. பொருளார் பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, 'தொடங்கு'ன்னு, ஒரு வரி எழுதிட்டு, போயிட்டே இருங்க."

"வேர் சொல்ல வேணாமா? பழைய இங்கிலீஷ்ல அது 'பிகின்னன்'. முன்னால இருக்கற 'பி' வெறும் ஒட்டு. அதை எடுத்துட்டா 'கின்னன்'. அந்தக் 'கின்னன்' எந்த ஏட்டுலயும் தனியா வரவே இல்லையாம்யா. எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒரு ஒட்டு கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்குது. பிளந்து திறக்கறதுன்னு பொருள் இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. இருக்கலாமாம்!"

"நம்ம 'ஆரம்பம்' மட்டும், என்ன வாழுது?"

"அது பரவாயில்ல, வடமொழியில கெட்டியாப் பிடிச்சுக்கறதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரங்க பிளக்கறாங்க, அவங்க பிடிச்சுக்கறாங்க. 'தொடங்கு'ல 'தொடு' இருக்குன்னு வச்சா, நாம தொட்டதோட சரி."

"நாமதான், அதையும் தொடலையே ஐயா."

இத்தனை வருஷம் கை பழகியதே இந்தப் பக்கங்களுக்காகத்தான். இங்கே போய் ஒப்பேற்ற அவருக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் அந்த ஒரு சொல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவள் சுவரைத் தடவி நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு சொல்லு."

"போன மாசமும் ஒரு சொல்லுன்னீங்க."

"அதே சொல்லுதாம்மா."

"அகராதி பிடிச்ச மனுஷன்!" என்றாள். கோபம்கூட இல்லை, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

வருஷம் முடிந்தது. மருமகன் வந்து மேசையைப் பார்த்தார்.

"ஐயா, பேரே அகராதி. அகரம் ஆதியில வரணும். உங்ககிட்ட வாலு மலை மாதிரி இருக்கு, தலை 'பி'யோட நிக்குது. நான் எதைப் போட்டு விக்கிறது?"

மறுவாரமே மாடி ஒரு தையல் பள்ளிக்குப் போனது. சொற்சீட்டுகளைக் கோணியில் கட்டி எடைக்குப் போட்டார்கள். காற்புள்ளி படியிறங்கும்போது, "ஐயா," என்று ஆரம்பித்து நின்றார். இந்த முறை மூச்சு வாங்குவதற்காக நிற்கவில்லை. அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

பொருளார் வீட்டுக்கு வந்தார். "கெளம்பு. கடலுக்குப் போறோம்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவள் செருப்பைக் காலால் துழாவினாள். அதற்குள் பார்வையின் நடுவும் போயிருந்தது. அவர் குனிந்து மாட்டிவிட்டார்.

கடற்கரையில் கூட்டமில்லை. அவள் அவர் கையைப் பிடித்தபடி இரைச்சலுக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள்.

"எங்கங்க ஆரம்பிக்குது?"

"இதோ, இங்கதான்" என்று ஈர மணலின் விளிம்பில் அவளை நிறுத்தினார். தண்ணீர் பின்வாங்கியது. "இல்ல, கொஞ்சம் முன்னாடி" என்று கூட்டிப் போனார். அடுத்த அலை முழங்கால்வரை நனைத்தது. "இல்லம்மா, பின்னாடி வா." பின்னால் வந்ததும் கால் காய்ந்த மணலில் நின்றது. "இரு, கொஞ்சம் தள்ளி..."

அவள் நின்றுவிட்டாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

பொருளார் வாயைத் திறந்தார். பல்லில்லாத வாய்க்குள் உப்புக்காற்று புகுந்தது. சொல் எதுவும் வெளியே வரவில்லை.