விரலில் முளைத்த புல்லுருவி

கண்டியில் குண்டு வெடித்த தொண்ணூற்றெட்டாம் வருஷம், வத்துகாமத்தில் பஸ்ஸை மறித்த சிப்பாய் வடிவம்மாவிடம் கையை விரிக்கச் சொன்னான். விரிந்தால்தானே! பத்து விரலும் வீங்கி மடங்கிக் கிடந்தன. எதையோ ஒளிக்கிறாள் என்று அவன் விரலைப் பிடித்து இழுக்க, அவள் போட்ட கூச்சலில் அவனே இரண்டடி பின்னால் போனான்.

மடுல்கெல்லைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள் அவள். விரல் போனால் வேலை போகும், வேலையோடு தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் போகும். மூன்று மாதமாக அந்தப் பயம் அவளை உலுக்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அன்று பஸ் இறங்கி ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்தபோது முகத்தில் ஒரு பெருமை. யாழ்ப்பாணத்து டாக்டர் சரோஜினிதேவி மூட்டைத் தொட்டார்.

"சுடுதே, வடிவம்மா."

"ஆமாங்க! தெனமும் எண்ணெயக் காய்ச்சித் தேச்சேன். இப்ப பாருங்க, செவசெவன்னு ரத்தம் ஓடுது. குணமாகுதுங்க."

"ஐயோ, அந்த ரத்தம்தான் வில்லங்கம். மூட்டுக்குள்ள சவ்வு தடிச்சு வளருது. அதுக்குத் தீனி போடப் புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைக்குது. அந்தத் தீனியில கொழுத்துத்தான் அது எலும்பை அரிக்குது."

வடிவம்மாவுக்கு வந்ததே கோபம். "பலாமரத்துல புல்லுருவி புடிச்ச மாதிரியாங்க? என் ரத்தத்தக் குடிச்சிட்டு என் கையவே திங்குதா, சனியன்! நானே சூடு காட்டி வளத்துட்டேனே!"

"நீங்கள் வளக்கேல்லை, அது தானா வளர்ந்தது. சூட்டை மட்டும் விடுங்கோ. இந்தக் குளிசை வாரத்தில ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாசாமாசம் ரத்தம் சோதிக்க வரவேணும். அரிச்சது திரும்பாது. ஆனா நேரத்தோட வந்திட்டீங்கள்."

"கை விரியுமாங்க?"

"விரியும் எண்டுதான் நினைக்கிறன். அவசரப்படாதேங்கோ."

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. குளிசையைத் திட்டித் திட்டியே விழுங்கினாள். இரண்டாம் மாதம் ஒரு காலையில், பக்கத்துக் காம்பராப் புஷ்பத்தைக் கூப்பிடாமல் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டு, வாசலில் நின்று அழுதாள். அடுத்த வாரமே கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

மூன்றாம் மாதம் ரத்தம் சோதிக்கப் போகும் வழியில், அதே சோதனைச் சாவடி, அதே சிப்பாய். அவளைக் கண்டதும் அன்றைய கூச்சல் நினைவுக்கு வந்ததோ என்னவோ, போ போ என்று கையசைத்தான்.

அவள் போகவில்லை. "மாத்தயா, கொஞ்சம் பாருங்க."

கையை நீட்டி விரித்தாள். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணி நின்றது. அவன் விழித்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது.

"வாங்கக்கா, பஸ் போகப்போகுது!" என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

"இருங்க," என்றாள் வடிவம்மா. "இன்னொரு கையையும் பாக்கட்டும்."