மாமனார் வாயில் கரையாத பல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவன் நான்தான். பல் மருத்துவர் என் வாய்க்குள் எட்டிப் பார்த்து, முன்பற்களின் விளிம்பு மெலிந்துபோயிருக்கிறது, எனாமலை அமிலம் அரிக்கிறது என்றார். எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பீர்களா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். உண்மையில் தினமும் காலையில் ஒரு பெரிய தம்ளர், நாலு வருடமாக. குடித்த கையோடு பல்லும் தேய்த்துவிடுவேன், புளிப்பில் இளகிய எனாமலை நானே வழித்தெடுக்கிறேன் என்று தெரியாமல். (சுத்தக்காரன் என்ற பெருமை வேறு.)

காத்திருப்பு அறையில் ஒரு புதிய பற்பசையின் துண்டறிக்கை கிடந்தது. 'தன்னார்வலர்களின் வாயில் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி. என்னைப் போன்றவர்களின் வாயிலா என்று யோசித்தேன். கதை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

2

'பல் என்பது மனிதன் தன் வாயில் சுமக்கும்...' வேண்டாம், தத்துவ வாடை அடிக்கிறது.

'அவள் நுண்ணோக்கியில் குனிந்தபோது வெளியே மழை...' மழைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நேராகவே சொல்கிறேன். ஓர் ஆய்வுக்காரி. பால் புரதத்தைக் கொண்டு ஒரு பசை செய்திருந்தாள். அது எனாமல்மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து அமிலத்தைத் தடுக்கும் என்பது அவளுடைய மூன்று வருட நம்பிக்கை. சோதனைக்கு எட்டுப் பேர் வேண்டும். மேலண்ணத்தில் ஒரு தகட்டை மாட்டி, அதில் பதித்த பல் துண்டோடு* பத்து நாள் இருக்க வேண்டும். தினம் நாலு வேளை, தகடு வாயில் இருக்கும்போதே ஆரஞ்சுச் சாறு குடிக்க வேண்டும். நாலு பேருக்கு அவள் பசை, நாலு பேருக்குப் புரதம் சேர்க்காத வெறும் பசை. யாருக்கு எது என்று முடிவு வரும்வரை அவளுக்கே தெரியாது. ஏழு பேர்தான் தேறினார்கள். எட்டாவதாகத் தன் மாமனாரைப் பிடித்துப் போட்டாள்.

* யாரோ பிடுங்கிப் போட்ட பல்லிலிருந்து வெட்டிய துண்டு. கிருமி நீக்கியதுதான். முகத்தைச் சுளிக்காதீர்கள்.

3

மாமனார், புது நாற்காலியின் பாலித்தீன் உறையைப் பிரிக்காமல் ஆறு வருடம் அதில் உட்கார்ந்தவர். மிகைப்படுத்துகிறேனோ என்று சந்தேகம் வந்தது. என் வீட்டு ரிமோட்டும் உறைக்குள்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

முடிவு வந்தது. அவள் பசை போட்ட நாலு துண்டுகளும் லேசாகத்தான் அரித்திருந்தன. வெறும் பசை போட்டதில் மூன்று, குண்டும் குழியும். நாலாவது, மாமனாருடையது, அச்சு அசல் புதுசு. எட்டே பேர் என்பதால் மொத்தத்தையும் கவிழ்க்க அந்த ஒன்றே போதும். வெள்ளிக்கிழமை ஆய்வக இயக்குநரிடம் காட்ட வேண்டும். பசை ஜெயிக்காவிட்டால் ஆய்வை மூடிவிட்டு, அவள் மேசையை வாய்கொப்பளிக்கும் மருந்துக்காரர்களுக்குத் தந்துவிடுவார்.

சாப்பிடும்போது கேட்டாள். "மாமா, சாறு குடிக்கும்போது தகடு வாயிலதானே இருந்துச்சு?"

"அதெப்படிம்மா? மூணு வருஷமா நீ கஷ்டப்பட்டுப் பண்ற வேலை. புளிப்பு பட்டா வீணாயிடாதா? ஒவ்வொரு தடவையும் கழட்டி டப்பால தண்ணி ஊத்திப் போட்டுட்டுத்தான் குடிச்சேன்."

கணவன் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. கோபப்படவும் வழியில்லை. அந்த வீட்டில் அவள் வேலையை மதித்தவர் அவர் ஒருவர்தான்.

4

முடிவு ஒன்று: மாமனாரை நீக்கிவிடுகிறாள். விதியை மீறியவரை விதிப்படி நீக்கலாம். பசை ஜெயிக்கிறது, கைதட்டல். (எழுதிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதுதான் உறுத்தியது.)

முடிவு இரண்டு: அவரை வைத்துக்கொள்கிறாள், பசை தோற்கிறது, நேர்மையின் திருவுருவாக அவள் ஜன்னலோரம் நின்று... போதும். தப்பென்று தெரிந்த துண்டை வைத்துக்கொள்வதில் என்ன நேர்மை?

மூன்றாவதை யோசிக்கும்போது அவள் என்னிடம் பேசினாள். கதாபாத்திரம் எழுத்தாளனைக் கேள்வி கேட்பது அரதப்பழசான உத்தி. எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"மாமாவோடது விசித்திரமா இருந்துச்சு, அதனால கேட்டேன். என் பசை போட்ட நாலு பேரையும் யாரு கேட்டா?"

அவர்களும் பல வேளை கழற்றி வைத்துவிட்டுக் குடித்திருந்தால்? இது எனக்குத் தோன்றவே இல்லை. நமக்குச் சாதகமாக வந்ததை நாம் துருவிக் கேட்பதில்லை.

5

வியாழக்கிழமை மதியம். ஏழு பேரின் தொலைபேசி எண்களும் அவள் முன்னால் தாளில் இருக்கின்றன. கேட்டால் மூன்று வருடமும் போகலாம். கேட்காவிட்டால் நாளை கைதட்டல், பிறகு கடைகளில் பசை, அதை நம்பித் தேய்க்கும் வாய்கள்.

நான் அவளை அழைக்க வைக்கவில்லை. அந்த யோக்கியதை எனக்கில்லை. நேற்று மறுபடி போனபோது மருத்துவர் எலுமிச்சைத் தண்ணீரைப் பற்றி விசாரித்தார். "விட்டுட்டேன் டாக்டர்" என்றேன். அன்று காலையும் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். சந்தோஷப்பட்டு அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஆகவே எண்ணை நீங்களே அழுத்துங்கள். மணி அடிக்கும். மறுமுனையில் என்னைப் போல ஒருவன் எடுப்பான். தகடு வாயிலேயே இருந்ததா என்று கேளுங்கள்.

ஆமாம் என்பான்.