பேன் போகும்வரை திறக்காத கதவு

பேன் என்று சொல்லிப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட தையல்காரியின் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும், வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்த வீட்டில் ஒரு தலையிலாவது பேன் இருக்கும்வரை அது முழுதாகத் திறக்கவில்லை. தையல்காரியின் கணவன், எலக்ட்ரீஷியன், தாழ்ப்பாளைக் கழற்றினான், கீலைக் கழற்றினான். கதவு நின்ற இடத்திலேயே நின்றது. அறுத்த ஜன்னல் கம்பி காலையில் மறுபடி முளைத்திருந்தது. பாலும் காய்கறியும் கம்பிக்கு நடுவே உள்ளே வந்தன, தைத்த சட்டைகள் அதே வழியில் வெளியே போயின. தெருக்காரர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். இரண்டே அறை, நான்கு பேர். ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் பட்டது. கணவன் எரியாத விளக்குகளையெல்லாம் எரியவைத்து முடித்து, எரிகிறவற்றையும் கழற்றி மாட்ட ஆரம்பித்தான்.

மண்ணெண்ணெய் தடவலாம் என்றான் அவன். "குழந்தை தலையில நெருப்பு வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் தையல்காரி. மொட்டையடித்துவிடலாம் என்றாள் வீட்டோடு இருந்த அவனுடைய அக்கா. சிறுமி துணி வெட்டும் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தையல்காரி அவளை வெளியே இழுத்து, தலையை நனைத்து, கண்டிஷனரை அப்பி, முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்தாள். முடித்தபோது கதவு ஒரு கையளவு திறந்திருந்தது. சிறுமி கையை வெளியே நீட்டிக் காற்றைத் தொட்டாள். தப்பிய ஈர்கள் ஒரு வாரத்துக்குள் பொரிந்தன, கதவு மறுபடி சாத்திக்கொண்டது. தையல்காரி மறுபடி தலையை நனைத்தாள். சில நாளைக்கு ஒருமுறை மகளுக்கு வாரினாள், கணவனுக்கு வாரினாள்; அவளுக்கு மகள் வாரினாள். கதவு பூனை நுழையுமளவு திறந்து, அதற்குமேல் அசையவில்லை.

மிச்சமிருந்தது கணவனின் அக்கா தலை. யார் முன்னாலும் கொண்டையை அவிழ்க்காதவள் அவள்.

"எனக்கெல்லாம் பேன் வராது."

"நான் உங்க கூடத்தானே அத்தை படுக்கறேன்," என்றாள் சிறுமி.

மறுநாள் மத்தியானம் அக்கா தானே வந்து முக்காலியில் உட்கார்ந்து, கொண்டை ஊசிகளை உருவினாள். கொண்டை முழுதாகக் கையோடு வந்தது. கீழே இருந்தது நாலு முடியும், உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மண்டையும்.

"பாத்துட்டியா?"

"கொஞ்சம் குனிங்க அக்கா," என்று தையல்காரி சீப்பை எடுத்தாள்.

அக்காவுக்கும் திரும்பத் திரும்ப வாரவேண்டியிருந்தது. ஒரு காலையில் கதவு சுவரோடு போய் ஒட்டி நின்றது. கணவன் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினான். அக்கா கொண்டையில்லாமல் தெருவில் இறங்கி, கடைசிவரை நடந்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அந்த வீட்டுக்காரி ஜன்னலில் நின்று சீப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்; தையல்காரி போய்க் கொடுத்துவிட்டு, எப்படி வாருவது என்று கம்பிக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.