முதல் பக்கத்தில் ஒரு வெட்டு

கிளைவ் டீ போட்டுக்கொண்டு வந்தான். நெவிலுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

‘லாந்தர் கோர்ட்’ இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் கிளைவ், நான்கு வருஷமாக மற்றவர் போட்ட டீயை மட்டுமே குடித்தவன். இன்று சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்காமலே சரியாகப் போட்டிருந்தான். போதாக்குறைக்கு, ஒலிப்பதிவை நடத்தும் மார்ட்டின் வேறு, “நெவில், உன் ஸ்வெட்டர் நல்லா இருக்கே” என்றார். அது அம்மா பின்னியது. அதை நல்லா இருக்கு என்று சொல்ல அம்மாவே யோசிப்பாள்.

ஏதோ நடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ரிக்கார்டு கம்பெனியிலிருந்து போன் வந்தது. முதல் ரிக்கார்டின் முதல் பக்கம் முழுக்க ‘மூழ்கிய பேராயர்’ என்ற ஒரே பாட்டு. அவ்வளவு நீளத்தை ஒரு பக்கத்தில் அடைத்தால் ரிக்கார்டின் கோடுகள் நெருங்கி, சத்தம் கம்மிவிடுமாம். எதையாவது வெட்டுங்கள் என்றார்கள். பாட்டில் வெட்டத் தோதானவை இரண்டுதான். ஒன்று கிளைவின் தனி வாசிப்பு. மற்றது நெவில் கீபோர்டில் தனியாக வாசித்தது. அது போனால் ரிக்கார்டு முழுக்க நெவிலுக்கு மிஞ்சுவது அடுத்தவனுக்குப் பின்னால் பிடிக்கும் நாலு சுரம். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை அதற்காகவா விட்டான்?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவன் திங்கள்கிழமை நார்தாம்ப்டன் ஸ்டுடியோவுக்குத் திரும்பினால், குப்பைக்கூடையில் முழ முழமாக டேப் சுருண்டு கிடக்கிறது. டீயும் வருகிறது. வெட்டுப்பட்டது தன்னுடையதாகத்தான் இருக்கும்.

“பப்புக்கு வர்றியாடா?” என்றான் கிளைவ். “இன்னிக்கு என் செலவு.”

செலவும் இவனுடையதா! நெவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “நீங்க ரெண்டு பேரும் போங்க. வயிறு சரியில்ல.”

கார் சத்தம் தேய்ந்ததும் கூடையில் கைவிட்டான். சிகரெட் சாம்பலை ஊதித் தள்ளி டேப்பை நீவினான். வாரக்கணக்கில் மார்ட்டினின் தோளுக்குப் பின்னால் நின்றவனுக்கு வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை. பெரிய சுருளில் வெள்ளை ஒட்டு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, பிளேடால் பிரித்து, கூடையில் கிடந்ததை இடையில் சேர்த்தான். எவன் தடுக்கிறான் பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தினான்.

கிட்டார் கேட்டது.

தப்பாகக் கேட்டோமோ என்று மறுபடி போட்டான். சந்தேகமே இல்லை, கிளைவின் வாசிப்புதான். தன்னுடைய கீபோர்டு சற்றுத் தள்ளி ஒரு மயிரிழை குறையாமல் இருந்தது. நெவிலுக்கு நிம்மதி வரவில்லை. கிளைவாவது விட்டுக்கொடுப்பதாவது!

திரும்பி வந்த இருவரும் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள்.

“குப்பையக் கிளறினியா?” என்றான் கிளைவ். “வயித்து வலிக்காரன் பண்ற வேலையா இது?”

“உன்னோடத நீயே ஏன்டா வெட்டச் சொன்ன?”

“உனக்காகத்தான்னு வச்சுக்கயேன்.”

“எனக்காகவா? நெருப்புப்பெட்டி கேட்டாலே ஒரு குச்சிய எடுத்துட்டுக் குடுக்கறவன் நீ. என்ன வேணும், சொல்லிடு. ரிக்கார்டு அட்டையில உன் மூஞ்சி பெருசா வரணுமா?”

மார்ட்டின் சிரித்தார். “சொல்லித் தொலைச்சிடு கிளைவ். இல்லாட்டி இவன் ராத்திரி தூங்கமாட்டான்.”

கிளைவ் கதவைச் சாத்தினான். “மேடையில அத என்னால வாசிக்க முடியாதுடா.”

“என்னது?”

“ஒரே மூச்சுல ஒரு தடவகூட வாசிச்சதில்ல. நல்லா வந்த துண்டாப் பொறுக்கி மார்ட்டின் ராத்திரில உக்காந்து ஒட்டினது. நம்ம ரசிகனுங்கள உனக்குத் தெரியாதா? ஆடமாட்டானுங்க, கத்தமாட்டானுங்க. கையக் கட்டிக்கிட்டு முன்னாடி நின்னு, ரிக்கார்டுல இருக்கற ஒவ்வொரு சுரமும் வருதான்னு எண்ணுவானுங்க. ஒண்ணு தப்பினா பத்திரிகைக்குக் கடுதாசி போடுவானுங்க. ரிக்கார்டுலயே இல்லன்னா எவன் கேப்பான்?”

நெவிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனசு லேசாகி, தானே பிளேடை எடுத்து மார்ட்டினிடம் நீட்டினான். கிளைவின் வாசிப்பு மறுபடி கூடைக்குப் போயிற்று. வெளியே, சுருளை எடுத்துப்போக வந்த கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.

சுருளைப் பெட்டியில் வைக்கும்போதுதான் நெவிலுக்கு உறைத்தது. “மார்ட்டின், என்னோடது எத்தன துண்டு?”

மார்ட்டின் பெட்டி மூடியைத் தேவைக்கு மேல் அழுத்தி மூடினார். “வண்டிக்காரன் காத்திருக்கான்பா.”

“துண்டா, முழுசா?”

“பிரமாதமா வந்திருக்குடா!” என்று கிளைவ் அவன் தோளில் தட்டினான். “அடுத்த மாசம் ஊர் ஊரா மேடையில கேக்கப்போறானுங்க.”

நெவில் பெட்டியை மார்போடு அணைத்தபடி முற்றத்தில் நின்றான். இப்போது திரும்பினால் தன்னுடையதையும் வெட்டிவிடலாம். வண்டிக்காரன் கையை நீட்டினான். நெவில் கொடுப்பதுபோல் நீட்டிவிட்டுப் பிடியை விடவில்லை.

“தர்றீங்களா இல்லையா சார்?”

“இந்தாங்க. பாத்து ஓட்டுங்க.”

வண்டி போனதும் உள்ளே ஓடிக் கீபோர்டில் அதை ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தான். ஐந்தாவது வினாடியில் விரல் தடுக்கியது. நிறுத்திவிட்டு, பக்கத்து அறையில் கிளைவ் இருமுகிறானா சிரிக்கிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.